டெய்லி கிரைண்ட்

எபினேசருக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தை கிடைத்தது ஒரு திங்கட்கிழமை, நாஷ்டா நேரத்தில்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் அவனுக்குப் பதினாறு வருஷ சர்வீஸ். உருக்கி ஊற்றிய இரும்பு அச்சை விட்டு வெளியே வரும்போது ஓரமெல்லாம் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அவன் பக்கம் வருவது டிராக்டர் கியர் பெட்டியின் மூடிகள். கிரைண்டரை இரண்டு கையாலும் பிடித்து, அந்தப் பிசிறைத் தேய்த்து எடுத்து, மூடியைத் திருப்பி, மறுபக்கமும் தேய்த்து, தள்ளிவிட வேண்டும். தள்ளிவிட்ட இடத்தில் அடுத்த மூடி வந்து நிற்கும். காலை ஆறு மணிக்கு மெஷினை எடுத்தால் இரண்டு மணிக்குக் கீழே வைப்பது. ஓவர்டைம் இருந்தால் ஆறு மணி. பெரும்பாலும் ஓவர்டைம் இருந்தது.

அந்தக் கொட்டகையில் மொத்தம் பன்னிரண்டு பேர். எல்லாரும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கண்ணாடி மாட்டியிருப்பதால், புதிதாக வருகிறவர்களுக்கு யார் யார் என்று அடையாளம் தெரியாது. எபினேசருக்கு முதுகைப் பார்த்தாலே தெரியும். பக்கத்து மெஷின் சின்னராசு. பத்து வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்றும் அவர்கள் பேசிக்கொண்டது கம்மி. கிரைண்டர் ஓடும்போது எதுவும் காதில் விழாது. நின்ற பிறகும் கொஞ்ச நேரத்துக்கு விழாது.

அன்றைக்கு நாஷ்டா மணி அடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஸ்ரீவாணி மேடம் கொட்டகைக்குள் வந்தாள். எச்.ஆர். பிரிவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. திருவள்ளூரில் வீடு. அப்பா பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்கிறவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தினமும் கம்பெனி வேனில் வந்து போனாள். ஆபீசில் இருக்கிறவர்கள் கொட்டகைப் பக்கம் வருவதில்லை, தூசி. அவள் வந்தாள். கேன்டீன் சுவரில் மாதா மாதம் ஒரு போர்டு வைக்கப் போவதாகவும், அதில் தொழிலாளர்கள் போட்டோவோடு ஆளுக்கு இரண்டு வரி போடப் போவதாகவும் சொன்னாள். போனைத் தூக்கி எபினேசரைப் படம் எடுத்துவிட்டு, சிரித்தபடி கேட்டாள்.

“சோ, ஹவ் இஸ் த டெய்லி கிரைண்ட், அண்ணா?”

எபினேசர் காதில் டெய்லியும் கிரைண்டும் விழுந்தன. கணக்குக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

“நாப்பத்திரண்டு பீஸ் ஆச்சு மேடம். காலைல ஒரு வீலு ஒடஞ்சிட்ச்சு. இல்லாங்காட்டி ஐம்பது தாண்டியிருக்கும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகம் மாறி, தப்பு செய்தவள்போல் கையை ஆட்டினாள்.

“இல்லண்ணா, நான் அந்த கிரைண்டிங்கைச் சொல்லலை. தினம் அதே டைம், அதே ட்ரெயின், அதே வேலை, திரும்பித் திரும்பி அதுவே. ஆளையே தேய்ச்சு எடுத்துடுமில்லையா? அதுக்கு இங்கிலீஷ்ல டெய்லி கிரைண்டுன்னு சொல்லுவாங்க. யாரு வேணாலும் சொல்லலாம். நான்கூடச் சொல்லலாம்.”

“இங்கிலீஷ்காரனுக்கும் அப்டிதானா மேடம்?”

“எல்லாருக்கும் அப்படித்தான்.”

அவள் போன பிறகு இட்லியைப் பிய்த்துக்கொண்டே அவன் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பதினாறு வருஷமாகத் தான் செய்துகொண்டிருப்பதற்கு ஒரு பெயர் இருப்பதும், அது இங்கிலீஷில் இருப்பதும் அவனுக்குப் பிடித்திருந்தது. சந்தோஷம் என்று சொல்லிவிட முடியாது. யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மீஞ்சூர் ஸ்டேஷனில் நின்றபோதும் அது நினைவுக்கு வந்தது. ஐந்து மணிக்கு முன்னால் வரும் முதல் ட்ரெயின். பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. எந்தப் பெட்டியில் எந்த ஜன்னலோரம் யார் தூங்கிக்கொண்டு வருவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவன் வராவிட்டாலும் அவன் இடத்தில் யாரும் உட்காருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்தபோது அவன் அந்த வார்த்தையை எடுத்து வைத்தான். அவன் மனைவி கிறிஸ்டினா தேர்வாய் கண்டிகையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனிக்குப் போகிறவள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புவாள். வாரத்தில் அவர்கள் முகம் பார்த்துப் பேசுவது அந்த ஒரு நாள்தான்.

“இது இன்னா புச்சு? செக்குமாடுன்னு நம்ம ஊர்ல சொல்லல?” என்றாள் கிறிஸ்டினா, மீனை அலசிக்கொண்டே. “நான்கூட டெய்லி ஆயிரம் பொட்டி மடிக்கிறேன். எனக்கு இன்னா பேரு வெச்சிக்கீறாங்க உங்க மேடம்?”

மகள் ஸ்நேகா பொன்னேரி காலேஜில் முதல் வருஷம். அவள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“அது ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கினு இருக்கறவங்க சொல்றதுப்பா. காபி கப்ப போட்டோ எடுத்துப் போட்டு, கீழ இத எழுதுவாங்க. நீதான் நெஜமாவே கிரைண்ட் பண்றியே, நீ சொன்னா யாருக்கும் புரியாது.”

எபினேசர் சிரித்தான். அவள் சொன்னது சரியென்றுதான் பட்டது.

அவன் வீட்டில் சொல்லாத ஒன்றும் இருந்தது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு அவன் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. முதலில் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும். குளிர்ந்த காற்று பட்டால் நுனி வெளுத்து மெழுகுபோல் ஆகிவிடும். ட்ரெயினில் கம்பியைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெயில் ஏறினால் சரியாகும். பிறகு வெயில் ஏறியும் சரியாகாத நாட்கள் வந்தன. சட்டைப் பித்தானைப் போட முடியாமல், கழுத்து வழியாக மாட்டுகிற டீசர்ட்டுக்கு மாறினான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக மட்டும் சட்டை வேண்டும். அன்றைக்குக் கிறிஸ்டினா பித்தானைப் போட்டுவிடுவாள். “கல்யாணமான புதுசுலகூட இந்தக் கொஞ்சல் இல்ல,” என்பாள். அவனும் அப்படியே விட்டுவிட்டான்.

பயம் இருந்ததா என்றால், அதுவும் பெரிதாக இல்லை. முதலில் கொஞ்சம் இருந்தது. பிறகு, காலையில் எழுந்ததும் இருமுவது, இரும்புத் தூசி படிந்த எச்சிலைத் துப்புவது எல்லாவற்றோடும் இதுவும் சேர்ந்துகொண்டது.

நவம்பரில் கம்பெனியில் வருஷாந்திர மெடிக்கல் கேம்ப் வந்தது. கேன்டீனில் மேஜை போட்டு, வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்தார். ஆளுக்கு ஒரு படிவம். எல்லாம் இங்கிலீஷ். பெயர், வயது, பிரிவு. கடைசியில் உடம்புக்கு என்ன தொந்தரவு என்று கேட்டு ஒரு கட்டம்.

சூபர்வைசர் துளசிராமன் வரிசையின் பக்கத்தில் நின்றுகொண்டு, “ஒண்ணியும் இல்லன்னா நில்லுன்னு எழுதிட்டுப் போய்க்கினே இருங்கபா. லைன் நிக்கிது அங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

சின்னராசு, ஒன்றும் இல்லை என்பதற்கு இங்கிலீஷில் ‘நில்’ என்று எழுதினான். அவனுக்கு முன்னால் இருந்தவர்களும் அதையே எழுதியிருந்தார்கள். எபினேசர் பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். இந்த முறை சொல்லிவிடலாம் என்று ட்ரெயினிலேயே நினைத்துக்கொண்டு வந்திருந்தான். ஆனால் கை மரத்துப்போகிறது என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியவில்லை. கேட்டால் துளசிராமனைத்தான் கேட்க வேண்டும். தமிழில் எழுதலாமா என்று யோசித்தான். மற்றவர்கள் எல்லாரும் இங்கிலீஷில் எழுதியிருக்க, தான் மட்டும் தமிழில் எழுதுவது எப்படியோ இருந்தது. அப்போதுதான், தன்னிடம் இங்கிலீஷில் ஒன்று இருக்கிறதே என்று ஞாபகம் வந்தது. தினமும் தேய்ப்பதால் வந்தது. அதைத்தானே சொல்ல வேண்டும்? மிச்சத்தை வாயால் சொல்லிக்கொள்ளலாம். கட்டத்துக்குள் பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக, டெய்லி கிரைண்ட் என்று எழுதினான்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். படிவத்தை எடுத்தவர், கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னொரு தரம் படித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்சிடம் காட்டினார். அவளும் சிரித்தாள்.

“நல்லா சொன்னப்பா! எனக்கும் அதே கம்ப்ளைன்ட்தான். இதுக்கு மருந்து இருந்தா நானே மொதல்ல சாப்பிடுவேன்.”

அவர் நல்ல மாதிரியாகத்தான் சிரித்தார். தோளில் தட்டினார். எபினேசரும் சிரித்தான். டாக்டர் சிரிக்கும்போது எதிரே நிற்கிறவன் சிரிக்காமல் என்ன செய்வான்? கையை நீட்டிக் காட்டலாம் என்று பாதி தூக்கியவன், அதை முகத்துக்குக் கொண்டுபோய் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

“ஸ்ட்ரெஸ்ஸுன்னு போட்டிருக்கேன். நல்லா தூங்கு. சாயந்திரம் கொஞ்சம் வாக்கிங் போ. சத்து மாத்திரை வாங்கிக்கோ.”

சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு அவன் கொட்டகைக்குத் திரும்பினான். மிச்சமிருந்த மூடிகளைத் தேய்த்தான்.

அந்த மாதம் கேன்டீன் சுவரில் போர்டு வந்தது. நடுவில் எபினேசர் படம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகமெல்லாம் கறுப்புத் தூசியோடு நிற்கிறான். கீழே கலர் எழுத்தில் அவன் படிவத்தில் எழுதிய அதே வார்த்தை, பக்கத்தில் ஒரு சிரிப்பு பொம்மை. படிவங்களை அடுக்கிவைக்கிற வேலை ஸ்ரீவாணியுடையது. தான் சொல்லிக்கொடுத்ததை அவன் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறானே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அதிலிருந்து கம்பெனியில் அவன் பெயர் டெய்லி ஆகிவிட்டது. “இன்னா டெய்லி, நாஷ்டா ஆச்சா?” “டெய்லி, இந்த லோடை முட்ச்சிட்டுப் போ.” துளசிராமனே கூப்பிட ஆரம்பித்தார். கோபமொன்றும் வரவில்லை அவனுக்கு. கூப்பிட்டால் திரும்பினான்.

டிசம்பர் இரண்டாவது வாரம், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை. நாஷ்டா மணி அடித்தது. எபினேசர் மெஷினை நிறுத்திவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து வலது கையுறையைக் கழற்றினான். இடது கையுறையை இழுத்தான். அது வரவில்லை. ஈரமாக, கனமாக இருந்தது. மழைத் தண்ணீர் சொட்டி நனைந்திருக்கும் என்று நினைத்து, பல்லால் கடித்து இழுத்தான்.

“யண்ணே!” என்று சின்னராசு கத்தியது அவன் காதில் சரியாக விழவில்லை. சின்னராசு எழுந்து நின்று எபினேசரின் மடியையே பார்ப்பதைக் கண்டுதான் குனிந்து பார்த்தான். பேண்ட்டெல்லாம் ரத்தம். கையுறைக்குள் ரத்தம் தேங்கி, பாதி உறைந்திருந்தது. நடுவிரல் நுனியிலிருந்து இரண்டாவது கணு வரை பிளந்து, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

அவன் அந்த விரலைப் பார்த்தான். வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல்தான் இருந்தது. மயக்கமெல்லாம் வரவில்லை. டிபன் டப்பாவை மூடி வைக்க வேண்டும் என்று தோன்றியது. மூடி வைத்தான்.

சிப்காட் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல் போட்டார்கள். மரப்பு ஊசி போடும்போது டாக்டர், “வலிக்கும், பொறுத்துக்கோ,” என்றார். எபினேசர் தலையாட்டினான்.

பிற்பகல் ஸ்ரீவாணியின் அறையில் உட்காரவைத்தார்கள். விபத்து அறிக்கை எழுத வேண்டும். துளசிராமனும் கூட இருந்தார். அவள் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“எத்தனை மணிக்கு அடிபட்டது?”

“தெரியல மேடம்.”

“சுமாரா சொல்லுங்கண்ணா. ஏழா, ஏழரையா?”

“தெரியலியே.”

“சரி, எந்த பீஸ்ல? வீல் பட்டதா, பிசிறு கிழிச்சதா?”

“அதுவும் தெரியல மேடம். கையுறைய கயட்டும்போதுதான் பாத்தேன்.”

துளசிராமன் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். “இன்னாய்யா இது, எதக் கேட்டாலும் தெரியலங்கிற? ஒனக்கு வலிக்கும்போது மணி பாத்திருப்பல்ல?”

“வலிக்கல சார்.”

ஸ்ரீவாணியின் விரல்கள் தட்டுவதை நிறுத்தின. அவள் திரையிலிருந்து திரும்பி முதல் தடவையாக அவன் கைகளைப் பார்த்தாள். கட்டுப்போட்ட கை மேஜைமேல் இருந்தது. மற்றதை அவன் மடியில் வைத்திருந்தான். ஏசி குளிரில் அதன் நுனிகள் வெளுத்திருந்தன.

“இப்போ வலிக்கிறதா?”

“இல்ல மேடம்.”

“அந்தக் கை? ஏன் இப்படி வெள்ளையா இருக்கு?”

“குளிருக்கு அப்டி ஆவும். வெளிய போனா கொஞ்ச நேரத்துல சரியாப் பூடும்.”

“எவ்ளோ நாளா?”

“ரெண்டு வருஷம் ஆவுது. மரத்துப் பூடுது. இன்னாத்த புட்சாலும் தெரியாது.”

“ரெண்டு வருஷமா? யார்கிட்டயும் ஏன் சொல்லலை நீங்க?” அவள் குரல் உயர்ந்துவிட்டது. “போன மாசம்தானே கேம்ப் நடந்தது?”

எபினேசர் அவளைப் பார்த்தான். குற்றம் சொல்லும் எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான்.

“ஃபார்ம்ல எழுதினேனே மேடம்.”

 துளசிராமனுக்குப் புரியவில்லை. ஸ்ரீவாணிக்குப் புரிந்தது. அவள் எழுந்து அலமாரியைத் திறந்து, படிவங்கள் இருந்த கோப்பை எடுத்து, அவனுடையதைத் தேடினாள். பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதினதுபோல் இருந்த அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எழுத்துகள் நடுங்கியிருப்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

“கிரைண்டிங்கால வந்துச்சுன்னு சொல்லலாம்னு எழுதினேன்,” என்றான் எபினேசர். “மிச்சத்த வாயால சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் டாக்டர் சிரிச்சாரு.”

அன்று சாயந்திரம் வேன் கிளம்புவதற்கு முன் ஸ்ரீவாணி கேன்டீனுக்குப் போய்ப் போர்டில் இருந்த அவன் படத்தைத் தன் கையாலேயே பிய்த்து எடுத்ததாகச் சின்னராசு போனில் சொன்னான்.

வீட்டில் கிறிஸ்டினா கையைப் பார்த்து அழவில்லை. எல்லாவற்றையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். சட்டைப் பித்தான் ஏன் என்று தெரிந்ததும் அவள் முகம் இறுகிவிட்டது.

“நான் கொஞ்சல்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

அவன் கட்டுப்போட்ட கையை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

“அந்த டாக்டரு சிரிச்சா நீயும் பல்லக் காட்டினியா? கைய நீட்டி, இது மரத்துப் போவுதுய்யான்னு தமிழ்ல சொல்ல வாய் வர்லியா? எந்த இங்கிலீஷ்காரன் வந்து ஒனக்குப் பித்தான் போட்டுவுடுவான்?”

“பின்னாடி லைன் நின்னுச்சு.”

“நிக்கட்டுமே! ரெண்டு நிமிஷம் நின்னா செத்தாப் பூடுவாங்க?” என்றவள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: “எங்க சூபர்வைசரு கேட்டாலும் நானும் ஒண்ணியும் இல்லன்னுதான் சொல்லுவேன். அதான் எனக்கு இன்னும் பேஜாரா கீது.”

ஸ்நேகா அப்பாவின் நல்ல கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவள் அழுத்தமாகப் பிடித்திருக்கிறாள் என்பதை எபினேசர் அவள் நகங்கள் சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

அடுத்த வாரம் ஸ்ரீவாணி அவனைச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்து, தானும் கூடவே வந்தாள்.  கார் மாதவரம் தாண்டிய பிறகு அவள் சொன்னாள்.

“உங்க படத்தைப் போர்டுல போட்டது நான்தாண்ணா. மன்னிச்சிடுங்க.”

“பரவால்ல மேடம். போட்டோ நல்லாதான் வந்திருந்துச்சு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளைத் தேற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. எப்படி என்று தெரியவில்லை.

அங்கே பார்த்தது ஒரு பெண் டாக்டர். அவனைக் கண்ணை மூடச் சொன்னார். விரல் நுனியில் ஊசியால் குத்துவதா, அதன் மழுங்கின பக்கத்தால் தொடுவதா என்று ஒவ்வொரு தரமும் சொல்ல வேண்டும். எபினேசர் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தான். பரீட்சையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது; ஃபெயிலாகக் கூடாது என்று நினைத்தான். பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லி, இரும்பில் கவைபோல் ஒன்றைக் காட்டி, அதைத் தட்டினால் அதிரும் என்றும், விரல்மேல் வைத்ததும் அதிர்வு தெரிந்தால் சொல்ல வேண்டும் என்றும் சொல்லி, மறுபடி கண்ணை மூடவைத்தார்.

“அதிருதா?”

“அதிருது மேடம்.”

“இப்போ?”

“அதிருது.”

 “கண்ணைத் திறங்க,” என்றார் டாக்டர். கவை மேஜைமேல் கிடந்தது. “நான் இன்னும் அதைத் தட்டவே இல்லை. உங்க விரல்மேல வைக்கவும் இல்லை.”

“எனுக்கு எப்பவும் அதிரும் மேடம். தூங்கும்போதுகூட,” என்றான் எபினேசர். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவன் நினைத்திருந்தான்.

வருஷக்கணக்காக அதிரும் மெஷினைப் பிடித்ததால் விரல்களின் நரம்பும் ரத்தக் குழாயும் கெட்டுவிட்டன என்று டாக்டர் விளக்கினார். மேற்கொண்டு கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். போனது திரும்பும் என்று சொல்ல முடியாது. இனிமேல் கிரைண்டரைத் தொடக்கூடாது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். அவர் சொல்லச் சொல்ல ஸ்ரீவாணி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். எபினேசர் மேஜைமேல் கிடந்த கவையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனியில் இது சுலபமாக முடியவில்லை. மேனேஜர் அறையில் இரண்டு மூன்று தடவை பேச்சு நடந்தது. ஒருத்தனுக்கு லேசான வேலை கொடுத்தால் பன்னிரண்டு பேரும் கேட்பார்கள் என்றார்கள். “அப்போ பன்னிரண்டு பேரையும்தான் செக் பண்ணணும் சார்,” என்று ஸ்ரீவாணி சொன்னதாகவும், அதற்கப்புறம் அவளைக் கொஞ்ச நாள் எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். ஆனால் டாக்டர் சர்டிபிகேட்டும் விபத்து அறிக்கையும் கையெழுத்தாகி வெளியே, அரசாங்க ஆபீசுக்குப் போய்விட்டிருந்தன. ஜனவரி கடைசியில் எபினேசரை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். சம்பளம் அதேதான். ஓவர்டைம் கிடையாது. பழைய மெஷினில் ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் நின்றார். அவர் முதுகு எபினேசருக்கு இன்னும் பழகவில்லை.

ஸ்டோர் ரூமில் வேலை குறைவு. ஜன்னல் வழியாகக் கையுறை கேட்பவனுக்குக் கையுறை, வீல் கேட்பவனுக்கு வீல் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நடுவில் ஒன்றும் இருக்காது. முதல் வாரம் அந்தச் சும்மா இருக்கும் நேரம் அவனுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. பெட்டிகளை இடம் மாற்றினான். திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தான். இரண்டு மணிக்கு வேலை முடிந்து, வெயிலில் ஸ்டேஷனுக்குப் போய், காலியான ட்ரெயினில் உட்கார்ந்தால், எந்த ஜன்னலோரம் உட்காருவது என்று தெரியவில்லை. கிறிஸ்டினா வருவதற்குள் சோறு வடித்துவைக்கப் பழகிக்கொண்டான். கொதிக்கிற பாத்திரத்தைத் துணியில்லாமல் தொடக்கூடாது என்று அடுப்புக்கு மேலே ஸ்நேகா ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் சின்னராசு ஜன்னலுக்கு வந்தான். வீல் தேய்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்றான். எபினேசர் எடுக்கத் திரும்பியபோது, “யண்ணே,” என்று மெதுவாகக் கூப்பிட்டான்.

கையுறையைக் கழற்றி வலது கையை ஜன்னலுக்குள் நீட்டினான். மூன்று விரல்களின் நுனி வெளுத்திருந்தது.

“எப்ப இருந்து?” என்றான் எபினேசர்.

“ஒனக்கு இருந்தாப்பலதான். நீ சொன்னப்புறம்தான் இதுக்கு இன்னா அர்த்தம்னே தெரியும்.”

“மேடமாண்ட போ. இப்பவே போ. டாக்டர் சொன்னாங்க, சீக்கிரம் பாத்தா நிறுத்திடலாமாம். எதுவும் எழுதாத. கைய காட்டு. மரத்துப் போவுதுன்னு தமிழ்லயே சொல்லு. நான் வேணா கூட வர்றேன்.”

சின்னராசு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“சொன்னா ஸ்டோருக்கு மாத்துவாங்களா?”

“ஸ்டோர்ல ஒரு ஆளுதான்டா.”

“அதான்ணே. தங்கச்சி அருணாவுக்குப் பங்குனியில கல்யாணம் வெச்சிக்கீறேன். அது முடியட்டும். ஓவர்டைம் இல்லன்னா ஆவாது எனக்கு.”

“கல்யாணத்துக்கு நீ இன்னாத்த எடுத்துக் குடுப்ப அந்தக் கையால?”

“முடியட்டும்ணே,” என்றான் சின்னராசு மறுபடியும். அவன் குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. ட்ரெயின் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல்.

எபினேசர் வீல் இருந்த அட்டைப்பெட்டியை அருகே இழுத்தான். தானே போய் மேடத்திடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தான். சொன்னால் சின்னராசுக்கு ஓவர்டைம் போகும். அப்புறம் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. சொல்லாவிட்டாலும் பார்க்க முடியாது. இரண்டில் எதற்காவது மனசு பதறும் என்று காத்திருந்தான். பதறவில்லை.

அட்டைப்பெட்டியைத் திறந்து புது வீல் ஒன்றை எடுத்து ஜன்னலில் வைத்தான். கூடவே, சைஸ் பெரிதாக இருந்தாலும் உள்ளே பஞ்சு தடிப்பாக இருக்கும், அதிர்வு கொஞ்சம் குறையும் என்று இரண்டு ஜோடிக் கையுறையும் வைத்தான். சின்னராசு புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். கையுறைகளில் ஒரு ஜோடியை மட்டும்தான் எடுத்துப் போயிருந்தான். எபினேசர் மற்றதைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு, மணி பார்த்தான். பத்தரை.